டீசலின் தரமும் அடிட்டிவ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரி, கார், டிராக்டர், ஜெனரேட்டர், விசைப்படகு என டீசலில் ஓடும் எதை வைத்திருப்பவரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இந்தியாவில் பங்க்குகளில் விற்கப்படும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்தின் ஆறாம் நிலை) டீசலை மனத்தில் கொண்டே இவை எழுதப்பட்டன. வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லப்படும் அறிவுரைகள் பலவும் வேறு தட்பவெப்பத்துக்கும் வேறு டீசலுக்கும் உரியவை என்பதால், அவற்றை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

பங்க்கில் இன்று கிடைக்கும் டீசல் தரமானதுதானா?

சுத்திகரிப்பு ஆலையை விட்டுப் புறப்படும்போது தரமானதுதான். இந்தியாவில் விற்கப்படும் வாகன டீசல் ஐ.எஸ். 1460 என்ற தர நிர்ணயத்துக்கு உட்பட்டது. 1990களின் தொடக்கத்தில் நம் டீசலில் கந்தகம் 1 விழுக்காடு வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் 10,000 பங்கு வரை இருந்தது. அது 2000ஆம் ஆண்டில் 2,500 ஆகி, பிறகு 500, 350, 50 என்று படிப்படியாக இறங்கி, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் 10 என்ற வரம்புக்கு வந்தது. தில்லிக்கு மட்டும் அந்த டீசல் 2018 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. பி.எஸ். 4இலிருந்து ஐந்தைத் தொடாமல் நேரே ஆறுக்குத் தாவியதால் ஆலைகள் கந்தக நீக்கப் பிரிவுகளைப் புதிதாகக் கட்டவோ விரிவாக்கவோ வேண்டியிருந்தது.

கந்தகம் மட்டும் அளக்கப்படுவதில்லை. டீசல் எவ்வளவு விரைவாகத் தானே தீப்பற்றும் என்பதைக் காட்டும் செட்டேன் எண் 51க்குக் குறையக் கூடாது. ஒரு கிலோ டீசலில் நீர் 200 மில்லிகிராமையும், தூசு, துரு போன்ற திடத்துகள்கள் 24 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. 40 டிகிரி வெப்பத்தில் அதன் பிசுபிசுப்பு 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரைக்குள் இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பியத் தரத்தை ஒட்டியவை. தீப்பற்றும் வெப்பநிலையில், அதாவது அருகே நெருப்பு வந்தால் டீசலின் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலையில், மட்டும் பெரிய வேறுபாடு உண்டு: ஐரோப்பாவில் அது 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இங்கே 35 டிகிரி இருந்தால் போதும். எஞ்சினுக்கு இதனால் பாதிப்பு இல்லை. சேமித்து வைப்பவர்தான் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் ஆலைக்குப் பிறகே தொடங்குகிறது. டேங்கர் லாரி, பங்க்கின் நிலத்தடித் தொட்டி, தோட்டத்தில் உருட்டி வைத்த பேரல், வண்டியின் டேங்க் என்று இடம் மாறும்போதெல்லாம் நீரும் தூசும் சேர வாய்ப்பு உண்டு. சில இடங்களில் வேறு எண்ணெயும் சேர்கிறது. அடிட்டிவ், அதாவது டீசலில் சிறிதளவு சேர்க்கும் மருந்து, வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால் இந்தப் பாதையைப் பார்க்க வேண்டும்.

கந்தகத்தை எடுத்துவிட்டதால் டீசலில் வழவழப்பு இல்லை, அதனால் பம்ப் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

இந்தப் பேச்சில் பாதி உண்மை. டீசல் பம்ப்பும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் தமக்கென்று தனி ஆயில் இல்லாமல், தம்முள் ஓடும் டீசலையே மசகாகக் கொண்டு இயங்குகின்றன. ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தை நீக்கும்போது, உலோகப் பரப்பில் ஒட்டிப் படலமாக நிற்கக்கூடிய நைட்ரஜன், ஆக்சிஜன் சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. வழவழப்பைத் தந்தவை பெரும்பாலும் அவைதாம். கந்தகமே எண்ணெய்போல் மசகிட்டது என்ற நம்பிக்கை சரியன்று. 1990களின் தொடக்கத்தில் சுவீடன் கந்தகம் மிகக் குறைந்த டீசலை அறிமுகப்படுத்தியபோது ரோட்டரி வகைப் பம்ப்புகள் சீக்கிரமே தேய்ந்து நின்றன. அந்த அனுபவத்திலிருந்துதான் வழவழப்புக்கென்று ஒரு சோதனையே தர நிர்ணயங்களில் இடம்பெற்றது.

அந்தச் சோதனை எளிமையானது. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றை 60 டிகிரி வெப்பத்தில் உள்ள டீசலுக்குள் ஓர் எஃகுத் தகட்டின்மேல் வைத்து, 200 கிராம் எடையால் அழுத்தி, 75 நிமிடம் முன்னும் பின்னும் அதிவேகமாக உரசவிடுவார்கள். பிறகு குண்டில் விழுந்த தேய்மானத் தழும்பை நுண்ணோக்கியில் அளப்பார்கள். அது 460 மைக்ரானைத் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் அந்த டீசல் விற்பனைக்கு ஆகாது. கந்தகம் நீக்கிய டீசல் தானாக இந்தத் தேர்வில் தேறுவது கடினம் என்பதால், கொழுப்பு அமிலம் அல்லது எஸ்டர் வகையைச் சேர்ந்த வழவழப்புக் கூட்டும் மருந்தை, பத்து லட்சத்தில் சில நூறு பங்குக்குள் அடங்கும் சிறிய அளவில், நிறுவனங்களே கலந்து அனுப்புகின்றன. ஆகவே பங்க்கில் நீங்கள் வாங்கும் சாதாரண டீசலிலேயே அடிட்டிவ் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு பாட்டில் ஊற்றினால் வழவழப்பு இரட்டிப்பாவதில்லை, ஏனென்றால் உலோகப் பரப்பில் ஒட்டும் இடம் நிரம்பிய பிறகு மிச்சமுள்ள மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

பி.எஸ். 2, பி.எஸ். 3 காலத்துப் பழைய வண்டிக்கு இந்த டீசல் ஒத்துக்கொள்ளுமா? சிலர் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறார்களே?

ஒத்துக்கொள்ளும். தேய்மானத்தைப் பொறுத்தவரை மேலே சொன்ன 460 மைக்ரான் வரம்பே பழைய இன்லைன் பம்ப்புக்கும் போதுமான காப்பு. பழைய வண்டிகளில் உண்மையில் கவனிக்க வேண்டியது ரப்பர். அதிகக் கந்தகமும் அதிக அரோமேட்டிக் சேர்மங்களும் கொண்ட டீசலில் ஆண்டுக்கணக்காக ஊறி உப்பியிருந்த நைட்ரைல் ஓ-ரிங்குகள், இவை குறைந்த டீசலுக்கு மாறும்போது சுருங்கி, பம்ப் மூட்டுகளில் கசிவு ஏற்படலாம். 1993இல் அமெரிக்கா குறைந்த கந்தக டீசலுக்கு மாறியபோது இது பரவலாக நடந்தது. இதற்குத் தீர்வு வைட்டான் ரகத்தில் புதிய ஓ-ரிங் போடுவது. எந்தப் பாட்டிலும் சுருங்கிய ரப்பரைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது கந்தகம் குறைந்தபோது பிறந்த பழக்கம். புகை வடிகட்டிச் சாதனங்கள் ஏதும் இல்லாத பழைய எஞ்சினில் அதனால் பெரிய கேடும் இல்லை, நிரூபிக்கத்தக்க நன்மையும் இல்லை. பி.எஸ். 6 வண்டியில் அதைச் செய்யவே கூடாது; காரணம் புகை வடிகட்டியைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

செட்டேன் பூஸ்டர் ஊற்றினால் பிக்கப் கூடுமா?

உள்ளே பீய்ச்சப்பட்ட டீசல் எவ்வளவு விரைவாகத் தானே தீப்பற்றுகிறது என்பதைக் காட்டுவது செட்டேன் எண். அது மிகக் குறைவாக இருந்தால் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தயங்கும், தட்டல் ஒலி எழும், வெள்ளைப் புகை வரும். நம் டீசலில் குறைந்தபட்சமே 51 இருக்கும்போது, எத்தில்ஹெக்சில் நைட்ரேட் கலந்த பூஸ்டர் அதை மூன்று நான்கு எண் உயர்த்தினாலும், வெப்பமான நாட்டில் ஓடும் நல்ல நிலையிலுள்ள எஞ்சின் அதை உணர்வதே அரிது. அமெரிக்காவில் குறைந்தபட்சம் 40 என்பதால் அங்கே இந்த பாட்டிலுக்குச் சற்று நியாயம் உண்டு. காணொளிகளைப் பார்த்து இங்கே வாங்குவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பங்க்கிலேயே விற்கும் பிரீமியம் டீசல் போடலாமா?

போடலாம், போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராமைல், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டர்போஜெட் போன்றவை சாதாரண டீசலோடு சுத்தப்படுத்தும் மருந்து முதலான அடிட்டிவ் தொகுப்பைச் சேர்த்துத் தயாரானவை. அடிப்படை டீசலில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வேறுபாடு கிடையாது. அருகில் உள்ள ஆலையிலிருந்தோ முனையத்திலிருந்தோ ஒருவருக்கொருவர் சரக்கைப் பரிமாறிக்கொள்வது எண்ணெய் நிறுவனங்களுக்குள் நெடுநாளாக உள்ள ஏற்பாடு. எனவே "அந்தக் கம்பெனி டீசல்தான் சுத்தம்" என்று ஊரில் நிலவும் பேச்சு பெரும்பாலும் அந்தக் குறிப்பிட்ட பங்க்கின் தொட்டியைப் பற்றியதே.

காமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) உள்ள வண்டியைக் குறைந்த தூரமும் நெரிசலிலும் மட்டுமே ஓட்டுபவர், சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு டேங்க் பிரீமியம் நிரப்புவதில் பொருள் இருக்கிறது. நீண்ட தூரம் பாரம் ஏற்றி ஓடும் லாரிக்கு ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் விலை கொடுப்பதை விட, அந்தப் பணத்தில் டீசல் ஃபில்டரைக் காலத்தோடு மாற்றுவது மேல் என்பதே எங்கள் கருத்து. இன்னொன்றும் உண்டு. விற்பனை மந்தமான பங்க்கில் பிரீமியம் தொட்டியில் சரக்கு வாரக்கணக்கில் தேங்கும். சாதாரண டீசல் நாள்தோறும் ஓடித் தீரும் பங்க்கில் அதையே வாங்குவது நல்லது.

ஒரு பங்க்கில் மைலேஜ் கூடுகிறது, இன்னொன்றில் குறைகிறது. டீசல் தரம்தானே காரணம்?

சில நேரங்களில் இருக்கலாம், ஆனால் அளவிடும் முறையில் உள்ள பிழையை முதலில் ஒதுக்க வேண்டும். ஃபுல் டேங்க் போட்டு மைலேஜ் பார்க்கும்போது, நாசில் தானே நிற்கும் இடம் வண்டி நிற்கும் சாய்வைப் பொறுத்தும் நுரையைப் பொறுத்தும் மாறுகிறது. 40 லிட்டரில் 2 லிட்டர் முன்பின்னானால் கணக்கில் 5 விழுக்காடு போய்விடும். மூன்று நான்கு டேங்க்கின் சராசரியை எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்தது அடர்த்தி. நாம் லிட்டர் கணக்கில் வாங்குகிறோம். எஞ்சினுக்கு ஆற்றல் தருவதோ டீசலின் எடை. ஒரு கிலோ டீசலின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ மாறாது என்பதால், 15 டிகிரியில் லிட்டருக்கு 840 கிராம் உள்ள சரக்கு, 815 கிராம் உள்ளதைவிட 3 விழுக்காடு கூடுதலாக ஓட்டும். இரண்டுமே தர வரம்புக்குள் அடங்கியவை, இரண்டிலும் கலப்படம் இல்லை. அடிட்டிவ் பாட்டில்கள் வாக்களிக்கும் மைலேஜ் உயர்வு பெரும்பாலும் இந்த இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால், வாங்கியவருக்கு அது வேலை செய்ததுபோலவே தோன்றும்.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். 50 லிட்டருக்கு ஊற்ற வேண்டிய பாட்டில் 250 ரூபாய் என்றால் லிட்டருக்கு 5 ரூபாய் கூடுகிறது. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணத்தை எடுப்பதற்கே மைலேஜ் ஐந்தரை விழுக்காடு உயர வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் எந்தப் பாட்டிலாலும் அது நடப்பதில்லை.

டீசல் தரமாகத்தான் இருக்கிறது என்றால் இன்ஜெக்டர்கள் ஏன் இவ்வளவு கெடுகின்றன?

பெரும்பாலும் நீராலும் நுண்தூசாலும். பழைய பம்ப்புகள் சில நூறு பார் அழுத்தத்தில் வேலை செய்தன. இன்றைய காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பாரையும் தாண்டுகிறது. இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடி ஒன்றைப் பிளந்து இருபது முப்பது இழையாக்கினால் கிடைக்கும் தடிமன் அது. அங்கே ஒரு துளி நீர் நுழைந்தால் மசகுப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும், துருப்பிடிக்கும், சூடான நாசில் முனையில் நீர் சட்டென்று ஆவியாகி முனையையே அரிக்கும். பழைய வண்டி தாங்கிக்கொண்டதைப் புதிய வண்டி தாங்காது என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கு இதுவே காரணம்.

தரத்துக்கு உட்பட்ட டீசலிலேயே நீர் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 12,000 லிட்டர் டேங்கரில் ஏறத்தாழ 10 டன் டீசல் இருக்கும். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற வரம்பின்படி அதில் 2 லிட்டர் நீர் வரை அனுமதிக்கப்பட்டதே. சூடாக இருக்கும்போது கரைந்திருக்கும் நீர், டீசல் குளிர்ந்ததும் பிரிந்து அடியில் இறங்குகிறது. இதோடு மழைக்காலத்தில் நிலத்தடித் தொட்டியின் மூடி வழியாக இறங்கும் நீரும், பாதி காலியாக இரவெல்லாம் நிற்கும் டேங்கின் சுவரில் படியும் ஈரமும் சேர்கின்றன.

இதைத் தடுக்க வண்டியிலேயே கருவி இருக்கிறது. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள வாட்டர் செப்பரேட்டரின் திருகைத் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்தால், முதலில் நிறமற்றோ துருவேறிய தேநீர் நிறத்திலோ நீர் வரும். குவளையில் அது டீசலோடு கலக்காமல் முத்து முத்தாக உருண்டு அடியில் தங்கும். தெளிந்த மஞ்சள் டீசல் மட்டும் தொடர்ந்து வந்த பிறகு திருகை இறுக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் மற்ற நாட்களில் மாதம் ஒருமுறையும் இதைச் செய்யும் லாரிக்காரர் அடிட்டிவ் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. டாஷ்போர்டில் ஃபில்டர் நீர் விளக்கு எரிந்தபடியே வண்டியை ஓட்டுபவருக்கு அடிட்டிவ் உதவவும் உதவாது. மலிவான போலி ஃபில்டர் வாங்குவது இதைவிடப் பெரிய தவறு. வெளியே ஒரே உருவமாக இருந்தாலும் உள்ளே நீரைப் பிரிக்கும் தாள் அதில் இருப்பதில்லை.

நீரை நீக்கும் மருந்து என்று விற்கிறார்களே?

அவை இரு வகை. ஒரு வகை நீரை நுண்துளிகளாக உடைத்து டீசலோடு கலந்து எரிந்துபோகச் செய்கிறது. இன்னொரு வகை நீரைத் தனியே பிரித்து அடியில் இறக்குகிறது. முதல் வகை காமன் ரெயில் வண்டிக்கு ஆபத்தானது, ஏனென்றால் செப்பரேட்டர் பிடித்திருக்க வேண்டிய நீரை அதைத் தாண்டி இன்ஜெக்டர் வரை கொண்டு சேர்ப்பது அதுதான். டேங்கில் நீர் தங்கிவிட்டது என்று தெரிந்தால் அடித் திருகைத் திறந்து வடிப்பதும், தேவைப்பட்டால் டேங்கை இறக்கிக் கழுவுவதுமே வழி.

ஜெனரேட்டருக்காகவும் டிராக்டருக்காகவும் சேமித்து வைக்கும் டீசல் எவ்வளவு நாள் தாங்கும்?

நிழலில், நிறைந்த நிலையில், நீரில்லாமல் வைத்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு ஜெனரேட்டர்கள் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஓட்டிச் சோதிக்கப்படுவதோடு சரி; அதன் தொட்டியில் கிடக்கும் டீசல் எந்த ஆண்டு வாங்கியது என்று சங்கச் செயலாளருக்கே தெரியாமல் இருக்கும். நாள்பட்ட டீசல் காற்றோடு வினைபுரிந்து பிசினாகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, வழவழப்பான கருஞ்சாம்பல் நிறப் படலமாகப் பரவி, ஃபில்டரைச் சேறுபோல் அடைக்கின்றன. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அரை டேங்க் டீசலோடு வெயிலிலும் கடற்காற்றிலும் நிற்கும் விசைப்படகுகளுக்கு இது நன்றாகவே பொருந்தும். படகைக் கட்டும் முன் டேங்கை முழுதாக நிரப்பி வைப்பதும், மீண்டும் கடலுக்குப் போகும் முன் அடியில் உள்ளதை வடிப்பதும் செலவில்லாத காப்பு.

அடிட்டிவ் உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான். ஆறு மாதத்துக்கு மேல் டீசலைத் தேக்கி வைக்க வேண்டிய மருத்துவமனை, டேட்டா சென்டர் போன்ற இடங்களில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நிலைப்படுத்தியும் நுண்ணுயிர்க் கொல்லியும் பயனுள்ளவை. ஆனால் கொல்லியை ஊற்றுவதற்கு முன் நீரை வடிக்க வேண்டும். பூஞ்சை ஏற்கெனவே முற்றியிருந்தால், செத்த படலம் பெயர்ந்து வந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால் முதலில் தொட்டியைக் கழுவ வேண்டும்.

துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டியிலும் பித்தளை, செம்புக் குழாய்களிலும் டீசலை வைக்கக் கூடாது. மிகச் சிறிய அளவில் கரையும் துத்தநாகமும் செம்பும் இன்ஜெக்டர் நாசிலில் படிவை உண்டாக்குகின்றன. தண்ணீருக்கு நல்லதென்று வாங்கிய ஜி.ஐ. தொட்டியை டீசலுக்குப் பயன்படுத்தும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டீசலில் என்ன கலப்படம் செய்கிறார்கள்? எப்படிக் கண்டுபிடிப்பது?

நெடுங்காலமாக மண்ணெண்ணெய். ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இடையில் இருந்த விலை வேறுபாடுதான் அந்த வணிகத்தின் முதல். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்பட எரிபொருள் விற்ற பங்க்கை முடக்கிய இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதிலிருந்து அதில் எவ்வளவு பணம் புரண்டது என்று ஊகிக்கலாம். மண்ணெண்ணெய் மானியம் மறைந்துவிட்டதால் அந்த லாபம் இன்று பெரிதும் குறைந்துவிட்டது. இப்போதைய தலைவலி "பயோ டீசல்" என்ற பெயரில் நெடுஞ்சாலை ஓரக் கொட்டகைகளில் லாரிகளுக்கு ஊற்றப்படும் மலிவான தொழிற்சாலை எண்ணெய்கள். உண்மையான பயோ டீசல் தாவர எண்ணெயிலிருந்தோ பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்தோ தயாராவது. தரம் பார்த்து டீசலில் 7 விழுக்காடு வரை கலக்க அனுமதி உண்டு, வழவழப்பையும் அது கூட்டும். கொட்டகையில் விற்பதற்கும் அதற்கும் பெயரைத் தவிரத் தொடர்பு இருப்பதில்லை.

பி.எஸ். 6 வண்டியில் சிறிய கலப்படமும் பெரிய கேடு செய்யும். கலக்கப்படும் எண்ணெயில் கந்தகம் 0.1 விழுக்காடுதான் என்று வைத்துக்கொண்டாலும், அது பத்து லட்சத்தில் 1,000 பங்கு. நூறு லிட்டர் டீசலில் அதை ஐந்து லிட்டர் சேர்த்தால், கலவையின் கந்தகம் 10 என்ற வரம்பைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டிவிடும்.

வாடிக்கையாளர் பங்க்கில் கேட்டுப் பெறக்கூடிய சோதனை அடர்த்திச் சோதனை. ஜாரில் டீசலைப் பிடித்து, ஹைட்ரோமீட்டரையும் தெர்மாமீட்டரையும் இட்டு, படித்த அளவை அட்டவணையின் உதவியால் 15 டிகிரிக்கு மாற்றி, அன்றைய பதிவோடு ஒப்பிடுவார்கள். கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபட்டால் சந்தேகத்துக்கு இடமுண்டு. வெப்பத் திருத்தம் செய்யாமல் ஒப்பிடுவது வீண் சண்டையில் முடியும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.7 கிலோ வீதம் அடர்த்தி குறைவதால், 15 டிகிரியில் 830 உள்ள டீசல் 35 டிகிரி மதிய வெயிலில் 816 என்றுதான் காட்டும். ஃபில்டர் பேப்பர் சோதனை பெட்ரோலுக்கு உரியது. டீசல் இயல்பாகவே தாளில் கறையை விட்டுச் செல்லும் என்பதால், அதை வைத்துக் கலப்படம் என்று முடிவு கட்டக் கூடாது. அளவில் சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம்; 25 மில்லி வரை வேறுபாடு அனுமதிக்கப்பட்டது.

1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ், பெட்ரோல், டீசல் முறைகேடுகளைத் தடுக்க 2005இல் பிறப்பிக்கப்பட்ட ஆணைப்படி கலப்படம் தண்டனைக்குரிய குற்றம். புகார் செய்ய நினைப்பவர் பில்லைக் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்ஜெக்டர் வாரண்டி கேட்கும்போதும் நிறுவனம் முதலில் பார்ப்பது டேங்கில் உள்ள டீசலைத்தான்.

நிறத்தை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியுமா?

முடியாது. கந்தகம் நீக்கப்பட்ட டீசல் முன்பைவிட வெளிறியும் வாடை குறைந்தும் இருப்பது இயல்பு. பார்க்க வேண்டியது தெளிவு. ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்து, காலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நல்ல டீசலுக்கு அப்பால் வைத்த அச்செழுத்தைப் படிக்க முடியும். மங்கலாகப் பனிமூட்டம்போல் இருந்தால் நீர், அடியில் பொடி தங்கினால் தூசு.

புகை வடிகட்டி உள்ள பி.எஸ். 6 வண்டியில் எந்த அடிட்டிவும் ஊற்றலாமா?

டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டியில் சேரும் கரியை எஞ்சின் அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடாக்கி எரித்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. இரும்பு போன்ற உலோகங்கள் கலந்த அடிட்டிவும், சாம்பல் தரும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் எரிந்தபின் விட்டுச்செல்லும் சாம்பல் வடிகட்டியின் துளைகளில் நிரந்தரமாகத் தங்கி, அதன் ஆயுளைக் குறைக்கிறது. 2000இல் பியூஜோ நிறுவனம் சீரியம் கலந்த திரவத்தைத் தனி டேங்கில் வைத்துக் கரி எரிய உதவும் முறையைக் கொண்டுவந்தது. அது அந்த வண்டிக்கென்று வடிவமைக்கப்பட்டது என்பதால் கடைப் பாட்டிலுக்குச் சான்றாகாது. நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியில் வடிகட்டி விளக்கு எரிந்தால், நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவதே முதல் மருந்து.

அப்படியானால் பி.எஸ். 6 வண்டிகளில் ஊற்றும் டி.இ.எஃப். (டீசல் எக்ஸாஸ்ட் ஃபுளூயிட்) என்பது அடிட்டிவ் தானே?

அது டீசலோடு சேர்வதே இல்லை. 32.5 விழுக்காடு யூரியா கலந்த தூய நீரான அது தனி டேங்கிலிருந்து புகைக்குழாயில் பீய்ச்சப்பட்டு, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியையே திருப்பக் கூடாது. யூரியா டீசலில் கரையாமல் படிகமாகி, பம்ப் முதல் இன்ஜெக்டர் வரை அனைத்தையும் மாற்றும் செலவில் கொண்டுபோய் விடும். உர யூரியாவை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. அதில் உள்ள மாசுகள் வினையூக்கியைப் பாழாக்கும்.

டீசல் வண்டியில் தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால், அடிட்டிவ் ஊற்றிச் சரிசெய்யலாமா?

கூடாது. பெட்ரோலுக்கு மசகுத் தன்மை மிகக் குறைவு. ஸ்டார்ட் செய்யாமல், வண்டியைத் தள்ளி நிறுத்தி, டேங்கை முழுதாக வடித்துவிட வேண்டும்.

குளிர்ப் பகுதிகளுக்குப் போகும்போது?

டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். நம் தர நிர்ணயம் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனி வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். லடாக் போன்ற பகுதிகளுக்கென்று இந்தியன் ஆயில் 2019 நவம்பரில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. சமவெளியில் நிரப்பிய டேங்கோடு மலையேறுபவர்கள் முடிந்த இடத்தில் அதை நிரப்பிக்கொள்ள வேண்டும். மெழுகு திரளாமல் தடுக்கும் மருந்தை ஊற்றுவதானால் டீசல் உறைவதற்கு முன்பே ஊற்ற வேண்டும்; உறைந்த பிறகு அது பயன்படாது. உதகை, கொடைக்கானல் அதிகாலைகளில் வண்டி ஸ்டார்ட் ஆகத் தயங்குவதற்குப் பெரும்பாலும் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்கும் பேட்டரியும்தான் காரணம்.

இன்ஜெக்டர் கிளீனர் எப்போதாவது உதவுமா?

உதவும், ஒரு குறிப்பிட்ட கோளாறுக்கு. நாசில் முனையிலும் உள்ளேயும் மெல்லிய படிவு சேர்ந்து, ஐடிலிங் சீரில்லாமல், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கரும்புகை வருகிற ஆரம்ப நிலையில், தரமான சுத்தப்படுத்தி ஒன்றிரண்டு டேங்க்கில் படிவைக் கரைக்கும். தேய்ந்த இன்ஜெக்டரை அது புதிதாக்காது. அதற்கு முன் ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் மாற்றிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதே அறிகுறிகள் அடைபட்ட ஃபில்டராலும் வரும். நெடுநாள் அழுக்கேறிய டேங்கில் வலுவான கிளீனரை ஊற்றினால் பெயர்ந்து வரும் அழுக்கு முதலில் ஃபில்டரைத்தான் அடைக்கும் என்பதால், மாற்று ஃபில்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

வாங்கியே தீருவது என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். அடிட்டிவ் கூடாது என்று அதில் எழுதியிருந்தால், ஊற்றிய பின் வரும் கோளாறுக்கு வாரண்டி கிடைக்காமல் போகலாம். அடுத்து, பாட்டில் எந்த ஒரு வேலைக்கானது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மைலேஜ், பிக்கப், புகை, ஒலி, எஞ்சின் ஆயுள் என எல்லாவற்றையும் ஒரே மூடியில் தருவதாகச் சொல்வதை அலமாரியிலேயே விட்டுவிடலாம். சாம்பலற்றது, காமன் ரெயிலுக்கும் புகை வடிகட்டிக்கும் ஏற்றது என்ற குறிப்பும், எத்தனை லிட்டருக்கு எவ்வளவு மில்லி என்ற அளவும் இருக்க வேண்டும். அளவை மீறி ஊற்றினால் அடிட்டிவே படிவாக மாறும்.